பூட்டி வைத்த சூடு

எண்ணெய்த் தட்டுப்பாடு மறுபடியும் வரப்போகிறதாம். காலையில் வானொலி சொன்னது. மத்தியானம் வேலைத்தலத்தில் ஒருவர் சொன்னார். மாலையில் தொலைபேசியில் ஒரு நண்பர் சொன்னார். மூன்று பேரும் ஒரே வசனத்தில் போய் முடித்தார்கள்: நாங்கள் எல்லாரும் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும்.

இந்த வசனத்தைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. ஆறு வருடம் முந்தி, எழுபத்து மூன்றாம் ஆண்டுப் பனி மாரியில், எங்கள் வீட்டில் இதே வசனத்தைச் சொல்லித்தான் குளிரை உள்ளே விட்டார்கள். ‘எல்லாரும்’ என்றார்கள். பொறுத்தது ஒரே ஒரு ஆள், என் மனைவி. பூட்டியவன் நான்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். இருபத்திரண்டு வயதில் தொடங்கினேன், ஒரு நாளும் தவறவிட்டதில்லை. கொழும்பில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் மழையளவுப் பதிவேடு வைத்திருந்த காலத்துப் பழக்கம் அது. ரொறன்ரோவுக்கு வந்து, ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைபடங்களில் பிழை பார்க்கும் வேலையில் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி, ஒவ்வொரு நாளும் மூன்று தடவை பார்த்து எழுதுவேன்: காலை ஏழு மணி, மாலை ஐந்தரை, இரவு ஒன்பது. பாகையில் அரைவாசி வித்தியாசம் இருந்தால் அரைவாசியையும் எழுதுவேன். அந்த நுணுக்கத்தில் எனக்குப் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றியும் எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன்.

அப்போது ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம், ஒரு சின்னச் செங்கல் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே நானும் மனைவியும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மேலே, கூரைச் சரிவுக்குள் அடங்கிய ஒற்றை அறையில், திருச்சியிலிருந்து வந்த ஓர் இளம் பொறியாளர். நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்றில் மனிதர்கள் இல்லை. அங்கே வீட்டைச் சூடாக்கும் பேர்னஸும், அதற்கு எண்ணெய் கொடுக்கும் இரும்புத் தொட்டியும் இருந்தன. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் எங்கள் கூடத்துச் சுவரில், என் வெப்பமானிக்குப் பக்கத்தில் இருந்தது. எண்ணெய்ச் செலவு வாடகைக்குள் அடக்கம்.

வீட்டின் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்தவர். எல்லாருக்கும் அவர் ‘அண்ணை’. எங்களுக்கெல்லாம் பல காலம் முந்தி வந்தவர். பிக்கரிங்கில் புது வீடு வாங்கிக்கொண்டு போனபோது இந்தப் பழைய வீட்டை எங்களுக்குத் தந்தார். விமான நிலையத்தில் எங்களை ஏற்றி வந்தவர் அவர்தான். என் மனைவிக்கு முதல் குளிர் மேலங்கி கொடுத்தது அவருடைய மனைவி. இதையெல்லாம் மறைக்க மாட்டேன். இதெல்லாம் இருந்தபடியால்தான் பின்னால் நடந்தது நடந்தது.

அந்தக் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை வந்தார். தேநீர் வைத்தோம். மேலிருந்து பொறியாளரையும் கூப்பிடச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்து, கண்ணாடிக்கு நேரே பிடித்தார்.

“எண்ணெய்க் கொம்பனிக்காரன் எழுதியிருக்கிறான். அரபுக்காரன் எண்ணெயை நிப்பாட்டிப்போட்டான், தெரியுந்தானே? இனி ஒவ்வொரு வீட்டுக்கும் அளந்துதானாம். எங்களுக்குப் போன வருசம் வந்ததில முக்கால்வாசிதான் வருமாம். என்ன செய்யிறது? நாங்கள் எல்லாரும் கொஞ்சம் பொறுக்கத்தான் வேணும்.”

பொறியாளருக்கு வாயை அடக்கத் தெரியாது. “இல்ல சார், இதே கனடாவுல, ஆல்பர்ட்டாவுல எண்ணெய் கொட்டிக் கெடக்குதுன்னு பேப்பர்ல போடறான். கேட்டவனுக்கெல்லாம் விக்கறான். அப்புறம் நமக்கு எதுக்கு அரபுக்காரன்?”

“தம்பி, நீர் வந்து எத்தினை மாசம்?”

“பதினாலு மாசம் சார்.”

“நான் வந்து பதினாலு வருசம்.”

எல்லாரும் சிரித்தோம். பொறியாளரும் சிரித்தார். கேள்வி அத்தோடு செத்துப் போனது.

எங்களுக்குப் பங்கீடு புதிதல்ல. கூப்பன் புத்தகத்தோடு வளர்ந்தவர்கள் நாங்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் இந்த வாரம் அரிசி இவ்வளவு என்றால் இவ்வளவுதான். அந்த மாதம் ஊரிலிருந்து வந்த கடிதத்திலும், பாண் ரொட்டி வாங்க விடிய முதலே வரிசையில் நிற்கிறோம் என்று தம்பி எழுதியிருந்தான். வரிசையில் நிற்கிற ஆட்கள் ‘ஏன்’ என்று கேட்பதில்லை, ‘எவ்வளவு’ என்றுதான் கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

“எத்தினை பாகைக்கு இறக்க வேணும், அண்ணை?”

இன்றைக்கும் அந்தக் கேள்வி என் காதில் கேட்கிறது. நிலத்துக்குக் கீழே எண்ணெய் கிடக்கும் நாட்டில், பங்கீட்டுச் சட்டம் வந்தால் என்ன செய்வது என்று அரசாங்கமே இன்னும் பேசிக்கொண்டிருந்த வேளையில், வராத பங்கீட்டுக்குக் கணக்குக் கேட்ட முதல் ஆள் நான்.

என் மனைவி தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த வீட்டில் எல்லாரையும்விட நன்றாக ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் அவள். கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருவரும் அதை அவளிடம் கொடுக்கவில்லை. ஒரு மூத்தவர் வாசித்துச் சொன்ன கடிதத்தைக் ‘காட்டுங்கோ’ என்று கை நீட்டினால், நீங்கள் பொய் சொல்லுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிடும். எங்கள் ஆட்களுக்குள் அப்படித்தான். அண்ணை அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

பிறகு காரிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். கண்ணாடி போன்ற தடித்த பிளாஸ்டிக் பெட்டி, பக்கத்தில் சின்னப் பூட்டு, அதற்குச் சாவியாக ஒரு சின்னத் திறப்பு. அதைத் தெர்மோஸ்டாட்டின் மேல் வைத்து நான்கு திருகாணிகளால் சுவரில் இறுக்கினார். முள் எத்தனை பாகையில் நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கலாம், தொட முடியாது.

“இந்த வீட்டில ஒழுங்கான மனுசன் நீர்தான் காணும்,” என்று என் தோளில் தட்டினார். “ஒரு நேர அட்டவணை போடும். திறப்பு உம்மட்ட இருக்கட்டும்.”

எனக்கு உச்சி குளிர்ந்தது. நாற்பத்தாறு வயது மனிதனுக்கு.

அன்று மாலையே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, அட்டவணையைக் கூடத்தில் ஒட்டினேன். காலை ஆறு முதல் எட்டரை வரை, ஃபாரன்ஹீட்டில் அறுபத்தெட்டுப் பாகை. எட்டரை முதல் நாலரை வரை ஐம்பத்தைந்து. நாலரை முதல் பத்து வரை மறுபடியும் அறுபத்தெட்டு. அதன் பிறகு அறுபது. நாலரைக்கு வேலையால் வருவது பொறியாளர்தான், அதனால் இரண்டாவது திறப்பொன்று அவருக்கு வெட்டிக் கொடுத்தேன்.

“சார், ரயில்வே டைம்டேபிள் மாதிரியே இருக்கு,” என்றார் அவர். “சூடு லேட்டா வந்தா யார்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணணும்?”

என் மனைவி இரவுச் சாப்பாடு முடிந்து அட்டவணைக்கு முன்னால் நின்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பி திருத்துவது போலப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ. எட்டரையிலயிருந்து நாலரை வரைக்கும், ‘வீட்டில் ஒருவரும் இல்லை’ எண்டு எழுதியிருக்கிறியள்.”

“ஓம்.”

“நான் ஒராள் இல்லையே?”

“நீர் வீட்டிலதானே நிக்கிறீர். ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இரும். எல்லாரும் பொறுக்கிற நேரம்.”

 சமையலறைக்குப் போய்விட்டாள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அவள் பகலில் வீட்டில் சும்மா இருக்கவில்லை. ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருடம் ஆங்கிலமும் புவியியலும் படிப்பித்தவள். இங்கே அந்தச் சான்றிதழ்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதலிலிருந்து படித்துவிட்டு வா என்றார்கள். அலைந்து, காத்திருந்து, கடைசியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டெழுத்தாளர் இடம் ஒன்று காலியாக இருப்பதைக் கண்டுபிடித்தாள். தைமாதம், ஜனவரி நடுவில், சோதனை. நிமிடத்துக்கு ஐம்பது சொல் அடிக்க வேண்டும், பிழைகளைக் கழித்து. “படிப்பிக்க விடாட்டிலும் பரவாயில்லை,” என்றாள். “மணி அடிக்கிற சத்தமெண்டாலும் கேக்குந்தானே.”

பழைய தட்டெழுத்து இயந்திரம் ஒன்றை வாங்கினோம். காலையில் ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரையும், பிறகு ஒன்று முதல் மூன்று வரையும் அடித்துப் பழகினாள். அதாவது, நான் ‘ஒருவரும் இல்லை’ என்று எழுதிய நேரத்தில். அந்த நேரத்தில் சூட்டின் திறப்பு என் காற்சட்டைப் பையில், நகர மையத்தில், நல்ல சூடான அலுவலகத்தில் இருந்தது.

மார்கழியில் கம்பளிக் கையுறை ஒன்றின் விரல் நுனிகளைக் கத்தரித்து வைத்திருந்ததைக் கண்டேன். “என்ன இது, நல்ல கையுறையை?” என்று கேட்டேன். “பழசு,” என்றாள். அதையும் நம்பினேன்.

அதே மாதத்தில் ஒரு நாள் நான் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்:

“இண்டைக்கு எண்ணெய் ட்றக் வந்தது.”

“எவ்வளவு அடிச்சவன்?”

“விசில் நிக்குமட்டும்.”

தொட்டிக்கு எண்ணெய் அடிக்கும்போது, உள்ளிருந்த காற்று ஒரு சின்னக் குழாயால் விசில் அடித்துக்கொண்டே வெளியேறும். தொட்டி நிரம்பியதும் விசில் நின்றுவிடும். ட்றக்காரன் வெளியே நின்று அதைக் கேட்டுத்தான் நிறுத்துவான். விசில் நின்றதென்றால் இனி ஒரு துளியும் கொள்ளாது என்று அர்த்தம்.

“நான் வெளிய போய்க் கேட்டனான்,” என்றாள். “உங்களுக்குத் தட்டுப்பாடு இல்லையோ, எங்களுக்கு அளந்துதானே தருவியள் எண்டு. சிரிச்சவன். இந்தப் பக்கத்துக்கு வாறது மேற்கிலயிருந்து குழாயால வாற எண்ணெயாம். கப்பல்ல வாற எண்ணெய் கிழக்கு மாகாணங்களுக்காம். தான் ஒரு வீட்டுக்கும் குறைச்சு அடிக்கேல்லையாம்.”

“ட்றக் ஓடுறவனுக்கு என்ன தெரியும்? அண்ணை கடிதம் வாசிச்சவர்.”

“ஓம், அண்ணை வாசிச்சவர். நீங்கள் வாசிச்சனீங்களோ?”

நான் பேஸ்மென்றுக்கு இறங்கிப் போய்த் தொட்டியின் அளவுகாட்டியைப் பார்த்தேன். சிவப்பு மிதவை உச்சியில் நின்றது. மேலே வந்து நாட்குறிப்பில் எழுதினேன்: ‘தொட்டி நிறைய.’ அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘பங்கீடு தொடங்குமுன் கடைசி முழு அளவாக இருக்கலாம்.’ வரைபடத்தில் ஒரு கோடு பிசகினால் கண்டுபிடிக்கிற மனிதன், கண்ணுக்கு முன்னால் நிறைந்து நின்ற தொட்டியைப் பார்த்துவிட்டு இப்படி எழுதினேன். அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிய எத்தனையோ தடவை மனம் வந்தது. கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

அந்த ஜனவரியில் சோதனைக்குப் போனாள். இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வந்தாள். நான் வந்தபோது மேலங்கியைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன மாதிரி?”

“நாப்பத்தி மூண்டு.”

“கார்த்திகையில நாப்பத்தெட்டு அடிச்சனீரே!”

கையுறைகளைக் கழற்றி இரண்டு கைகளையும் மேசையில் வைத்தாள். விரல்கள் கணுக்களில் வீங்கி, கருஞ்சிவப்பாக, மினுங்கிக்கொண்டிருந்தன. வலது ஆள்காட்டி விரலில் தோல் வெடித்திருந்தது. ஒன்றரை மாதமாக ஒரே மேசையில் அவளோடு சாப்பிட்டவன் நான். சாப்பிடும் நேரம் சூடு போட்டிருக்கும் நேரம், அந்த நேரத்தில் விரல்கள் சிவந்து அரிப்பு எடுக்குமாம், அதனால் கையை மடியில் வைத்துக்கொள்வாளாம். நான் கவனிக்கவில்லை.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னனான்.”

அட்டவணை ஒட்டிய அன்றே சொன்னாள். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மருத்துவர் பார்த்துவிட்டு, இது பனியில் நின்றவர்களுக்கு வருவதல்ல என்றார். குறைந்த சூட்டில், ஈரக் குளிரில், மணிக்கணக்காக அசையாமல் இருப்பவர்களுக்கு வருவதாம். “எங்கே வேலை செய்கிறீர்கள்? குளிர்க் களஞ்சியத்திலா?” என்று கேட்டார். “வீட்டில்,” என்றாள் அவள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த வாரமே பொங்கல் வந்தது. அண்ணை பிக்கரிங் வீட்டுக்கு எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். போகாமல் விடுவோம் என்றேன். “இல்லை, போவம்,” என்றாள் மனைவி. பொறியாளரின் பழைய காரில் மூவரும் போனோம். ஹீட்டர் வேலை செய்யாத கார் அது. வழி முழுக்க அவர் கண்ணாடியில் படிந்த மூச்சைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார்.

கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூட்டை நான் மறக்கமாட்டேன். அண்ணை அரைக்கைச் சட்டையோடு நின்றார். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடினார்கள். பொங்கல் பொங்கிய புழுக்கம் தாங்காமல் சமையலறை ஜன்னலைத் திறந்து விட்டிருந்தார்கள். மாரி நடுவில், எண்ணெய் இல்லாத உலகத்தில், திறந்த ஜன்னல்! நான் பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்தேன். எழுபத்தைந்து பாகை. பெட்டி இல்லை, பூட்டு இல்லை.

“வாங்கோ, வாங்கோ! மேலங்கியைக் கழட்டுங்கோ, அவிஞ்சு போவியள்,” என்றார் அண்ணை.

பொறியாளர் என் காதருகே குனிந்து, “சார், அரபுக்காரன் இந்த வீட்டுக்கு மட்டும் தனியா அனுப்பறான் போலருக்கு,” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது இரண்டும் கொதித்தன.  பொங்கல் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, நல்ல நாளில் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கேட்டாள். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

“அண்ணை, அந்தக் கடிதத்தை ஒருக்காக் காட்டுங்கோ.”

“எந்தக் கடிதம் பிள்ளை?”

“எண்ணெய்க் கொம்பனி எழுதினது. முக்கால்வாசிதான் தருவம் எண்டு.”

அண்ணையின் முகம் மாறியது. “என்ன, என்னில நம்பிக்கை இல்லையோ?”

“வாசிச்சுப் பாக்க ஆசையாக் கிடக்கு.”

அதற்குள் அண்ணையின் மனைவி, பாவம், ஒன்றும் அறியாதவர், “உந்த மேசை லாச்சிக்குள்ளதான் இருக்குது, நான்தானே எடுத்து வைச்சனான்,” என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

என் மனைவி எழுந்து நின்று வாசித்தாள். வகுப்பில் நிற்பது போலவே நின்றாள். வீங்கிய விரல்களால் தாளை விரித்துப் பிடித்தாள். முதலில் ஆங்கிலத்தில் வாசித்து, பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். மாரிக்கு முன் பேர்னஸைத் துப்புரவு செய்வித்துக்கொள்ளுங்கள். வெளியூர் போகும்போது சூட்டைக் குறைத்துவிட்டுப் போனால் நல்லது. உங்கள் வீட்டுக்கு வரும் எண்ணெய் வழமைபோலவே வரும், கவலைப்பட வேண்டாம். அவ்வளவுதான். முக்கால்வாசி என்ற சொல்லும் இல்லை, கால்வாசியும் இல்லை.

 அண்ணை ஒருமுறை செருமினார்.

“எல்லாம் ஒண்டுதான். மிச்சம் பிடிக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கிறான். நான் அதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னனான். உங்கட நன்மைக்கும்தான்.”

“என்ர விரலைப் பாருங்கோ, அண்ணை.”

அவர் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அப்போது அவர் சொன்னதுதான் இன்றுவரை என் நெஞ்சில் ஆணி அடித்தது போல நிற்கிறது.

“நான் பூட்டினனானோ? அட்டவணை போட்டது ஆர்? திறப்பு ஆரிட்டைக் கிடக்கு? உம்மட மனுசனிட்டைத்தானே! பகல்ல நீர் குளிரில இருக்கிறது எனக்கு எப்பிடித் தெரியும்? அவருக்கெல்லோ தெரியவேணும்.”

அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பொய்யைச் சொன்னது அவர். எண்ணெய் மிச்சமானது அவருக்கு. ஆனால் கடைசியாகச் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அதனால்தான் என் கை எழவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு மேலங்கியை எடுத்தேன். வெளியே வரும்போது யாரோ பின்னால், “நல்ல நாளும் அதுவுமா…” என்று இழுத்தார்கள். பொய் சொன்னவரைப் பார்த்து அதை ஒருவரும் சொல்லவில்லை.

 வீட்டுக்குள் வந்ததும் மனைவி கையை நீட்டினாள்.

“திறப்பைத் தாங்கோ.”

கொடுத்தேன். வீங்கிய விரல்களால் அந்தச் சின்னத் திறப்பைத் திருப்ப முடியவில்லை. நான் கிட்டப் போனேன். “நீங்கள் நில்லுங்கோ,” என்றாள். மூன்றாம் தடவை திரும்பியது. முள்ளை எழுபதுக்குக் கொண்டுபோய் வைத்தாள். கீழே பேர்னஸ் உறுமிக்கொண்டு எழுந்தது. அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றி, கிழிக்காமல், என் நாட்குறிப்புக்குள் வைத்தாள். மேசைக்குப் போய் இயந்திரத்தின் மூடியைத் திறந்தாள். அன்று அவளால் ஒரு வரிக்கு மேல் அடிக்க முடியவில்லை.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வாடகை வீட்டில் எவ்வளவு சூடு இருக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது என்று வேலைத்தலத்தில் சொன்னார்கள். அரைநாள் விடுப்பு எடுத்து, நாட்குறிப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, நகரசபை அலுவலகத்துக்குப் போனேன். என்னிடம்தானே எல்லாம் எழுத்தில் இருக்கிறது! ஒரு நாள் தவறாமல், மூன்று வேளையும், அரைப் பாகை சுத்தமாக.

அங்கே இருந்த அதிகாரி பொறுமையானவர். எண்களை நான் விரலால் காட்டக் காட்ட, பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“உங்கள் வீடு நன்றாகச் சூடாகத்தானே இருந்திருக்கிறது,” என்றார்.

காலை ஏழு, அறுபத்தெட்டு. மாலை ஐந்தரை, அறுபத்தேழரை. இரவு ஒன்பது, அறுபத்தெட்டு. மாரி முழுக்க இதேதான். நான் வீட்டில் இருந்த நேரத்தில் பார்த்தேன். நான் இருந்த நேரத்தில் சூடு போட்டிருந்தது. மத்தியான வெப்பநிலை என்று ஒன்று அந்த நாட்குறிப்பில் எங்குமே இல்லை. ஒரு எண்ணும் பிழையில்லை. அண்ணையின் வாய்க்கு நான் சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒவ்வொரு நாளும், அழகான கையெழுத்தில்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அலுமாரியைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துப் போட்டாள். அவள் பழகிய தாள்கள். ஆசிரியை அல்லவா, ஒவ்வொன்றின் தலையிலும் தேதி, நேரம், சொற்கணக்கு, பிழைக்கணக்கு. கார்த்திகைத் தாள்களில் இரண்டு பிழை, மூன்று பிழை. மார்கழி நடுவில் ஒன்பது. ஜனவரி பிறந்தபோது பதினாறு. அடிக்க வேண்டிய எழுத்தை விட்டுப் பக்கத்து எழுத்தில் விரல் விழுந்திருந்தது. எங்கள் வீட்டின் பகல் வெப்பநிலை அங்கே இருந்தது. நான்தான் அதைப் பார்க்காதவன்.

அந்த ஆண்டு வசந்தத்தில் மறுபடியும் சோதனைக்குப் போனாள். ஐம்பத்திரண்டு. ஆனால் பள்ளிக்கூட அலுவலக இடத்துக்கு ஆள் எடுத்து முடிந்துவிட்டது. இயந்திர உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் பட்டியல்கள் அடிக்கிறாள். வேலை முடிந்ததைச் சொல்ல அங்கே ஒரு சங்கு ஊதும், பள்ளிக்கூட மணி இல்லை. அண்ணை அந்தக் கோடையில், சொந்தக்காரர் வருகிறார்கள் என்று சொல்லி, எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொன்னார். எழும்பினோம். ஊர் விழாக்களில் இன்னும் அவர் முன்வரிசையில் இருக்கிறார். ஏழைகளுக்கு உதவுவதைப் பற்றிப் பேசுகிறார். கைதட்டுகிறார்கள். நான் தட்டுவதில்லை.

அந்தத் தாள்களை அந்த மாரிக்கால நாட்குறிப்பில், அதனதன் தேதியில், ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டேன். புத்தகம் இப்போது மூட முடியாமல் பருத்துப்போய் இருக்கிறது.

இப்போது எங்களுக்கு அஜக்ஸில் ஒரு சின்னச் சொந்த வீடு. இன்று மாலை அவள் வேலையால் வந்து, கையுறைகளைக் கழற்றிக்கொண்டே கேட்டாள், “என்னவாம் ரேடியோவில?”

“எண்ணெய் இல்லாமப் போகப்போகுதாம். நாங்கள் எல்லாரும் பொறுக்க வேணுமாம்.”

“கடிதம் ஏதும் வந்ததோ?”

“இல்லை.”

“வந்தா என்னட்டைத் தாங்கோ,” என்றாள். சுவருக்குப் போய் முள்ளை எழுபதில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.